வெட்டாமல் விட்ட புல்லுக்கு நன்றி

அன்புடையீர்,

நேற்று மாலை நம் வெண்தலைக் கழுகுக் குஞ்சு ஆற்றைக் கடந்து பறந்துவிட்டது. அக்கரையில் பட்டுப்போன மரமொன்றின் உச்சியில் தடுமாறி இறங்கி, இறக்கைகளை இருமுறை விரித்து மடக்கி அது நிலைகொண்டபோது, கரையில் நின்றிருந்தவர்களில் எவருக்கும் பேச்சு எழவில்லை. அந்த நிறைவு நெஞ்சில் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று இந்த மடலைத் தொடங்குகிறேன். காற்றடித்த இரவில் குஞ்சு கூட்டிலிருந்து தரைக்கு வந்துவிட்டதும், அடுத்து வந்த நாள்களில் அதைக் காக்க நாம் பட்ட பாடும் உங்கள் அனைவருக்கும் தெரியும்; அவற்றை மறுபடி எழுத எனக்கு மனம் வரவில்லை. மிசிசிப்பி ஆற்றங்கரையில் கூடு இருக்கும் அந்த உயர்ந்த காட்டன்வுட் மரம் எங்கே நிற்கிறது என்பதையும் வழக்கம்போல எழுதாமல் விடுகிறேன். கூடு இருக்கும் இடம் ஊரெங்கும் பரவினால் கூட்டம் சேரும். வெண்தலைக் கழுகுகள் கூட்டத்தைப் பொறுத்துக்கொள்வதில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஆனால் ஒருவருக்கு முதலில் சொல்லியாக வேண்டும். பூங்காவின் புல்வெட்டும் வண்டியை ஓட்டுபவர் அவர். பெயரைப் போடலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். தமிழ் அவருக்குத் தெரியாது. சொல்ல வேண்டியதை அவரிடம் நேரிலும் சொல்லிவிட்டேன். இருந்தாலும் அவர் செய்தது என்ன என்பதை நம் மக்கள் அறிய வேண்டும்.

குஞ்சு தரையில் இருந்த அந்த வாரத்தில்தான் கரையோரப் புல்லை வெட்டும் முறை வந்தது. வண்டியின் இரைச்சல் வளைவைத் தாண்டிக் கேட்டபோது எங்களில் இருவர் கைகளை வீசிக்கொண்டு ஓடினோம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவரே வண்டியை நிறுத்திவிட்டிருந்தார். காதுக் கவசத்தைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, புல்லுக்குள் ஒடுங்கி நின்ற அந்தப் பழுப்புப் பறவையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: ஒரு நாளில் அது எவ்வளவு தூரம் தத்திப் போகிறது? நாங்கள் கையைக் காட்டிய இடம்வரை காலடியால் அளந்து நடந்தார். குழாயும் கம்பியும் புதைத்திருக்கும் இடங்களில் குத்திவைப்பார்களே, அந்தச் சிறிய ஆரஞ்சு நிறக் கொடிகளில் ஒரு கட்டை வண்டியின் பெட்டியிலிருந்து எடுத்து, நாங்கள் காட்டிய எல்லைக்கும் வெகுதூரம் அப்பால், மரத்தைச் சுற்றி ஒரு பெரிய வளையமாக நட்டுவிட்டுப் போனார்.

அந்த வளையத்துக்குள் இன்றுவரை கத்தி படவில்லை. புல் முழங்காலைத் தாண்டி வளர்ந்தது. அதனூடே வெள்ளை மணப்புல்லும் பூத்தது. உயரத்திலிருந்து வரும் தாய் தந்தையின் கண்ணுக்குக் குஞ்சு தெரிந்தது. பாதையில் போகும் நாய்களின் கண்ணுக்குத் தெரியவில்லை. குஞ்சு தரையில் இருந்தாலும் காயம் இல்லையென்றால் பெற்றவை கீழே இறங்கி வந்தே ஊட்டும் என்று பறவை மீட்புத் தன்னார்வலர் தொலைபேசியில் எங்களுக்குச் சொல்லியிருந்தார். இறக்கைகள் இரண்டும் ஒரே அளவில் மடிந்திருக்கின்றனவா, தன் காலில் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள், பிறகு விலகிப் போய்விடுங்கள் என்பதே அவர் தந்த அறிவுரை. விலகிப் போவதற்கு மறைவு வேண்டும். அந்த மறைவை வளரவிட்டவர் புல்வெட்டுபவர்.

அதோடும் அவர் நிற்கவில்லை. அடுத்த வாரம் கரையின் மறுபக்கத்தை வெட்ட வந்தவர் வெயில் ஏறிய பிறகே வந்தார். விடியற்காலையில் தந்தை மீன் கொண்டுவரும், அந்த நேரத்தில் வண்டிச் சத்தம் கேட்டால் அது மரத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போய்விடும், ஆகவே அந்தப் பக்கத்து வேலையைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறேன் என்றார். இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பனிக்காலத்தில் இதே பாதையில் பனி தள்ளும் வண்டியை ஓட்டுபவரும் தாமே என்றார். ஆற்றின் ஓரங்கள் உறைந்து கிடக்கும் சனவரியில் இணை குச்சி சுமந்து வருவதையும், கூட்டின் விளிம்பில் ஒரு குச்சியை எந்தப் பக்கம் வைப்பது என்று இரண்டும் இழுத்துக்கொள்வதையும், மார்ச்சுப் பனிப்பொழிவில் முதுகெல்லாம் வெண்மை படிந்து தாய் அசையாமல் அடைகாப்பதையும் அவர் வண்டியின் இருக்கையிலிருந்தே பல ஆண்டுகளாகப் பார்த்துவந்திருக்கிறார். முட்டை பொரிக்க ஏறத்தாழ 35 நாள்கள், ஆணும் பெண்ணும் மாறி மாறி அமரும், பருத்துப் பெரிதாக இருப்பது பெண் என்பதெல்லாம் நாங்கள் நூல்களில் படித்துத் தெரிந்துகொண்டவை. அவற்றை அவர் கண்ணால் கண்டு வைத்திருந்தார். ஆண் கழுகு கூட்டுக்கு வரும்போது எந்தக் கிளையில் முதலில் அமரும் என்று அவர் சொன்ன பிறகுதான் எங்கள் தொலைநோக்கிகளை அந்தப் பக்கம் திருப்பி வைத்தோம்.

வெட்டுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர் வெட்டாமல் விட்டதற்கு மேலிடத்தில் காரணம் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இந்த மூன்று வாரங்களில் என் மனத்தை விட்டு அகலாதது இதுதான். உதவி என்றால் ஏதாவது எடுத்துக் கொடுப்பது, ஓடிப் போய்த் தூக்குவது என்றே நாம் பழகியிருக்கிறோம். கழுகுகளைப் பொறுத்தவரை, அவை இன்று நம் தலைக்குமேல் பறப்பதற்கே காரணம் ஒரு காலத்தில் மக்கள் ஒன்றைச் செய்யாமல் நிறுத்தியதுதான். வயல்களிலும் சதுப்புகளிலும் தெளித்த டிடிடி என்ற பூச்சிக்கொல்லி, மழையோடு நீரில் இறங்கி, மீனில் சேர்ந்து, மீன் தின்ற கழுகின் உடலில் ஏறியது. முட்டையின் ஓடு மெலிந்துபோய், அடைகாக்க அமர்ந்த தாயின் எடையிலேயே நொறுங்கியது. 1963-இல் அலாஸ்காவை விட்டுவிட்டு எண்ணிப் பார்த்தால் இந்நாட்டின் பெருநிலப்பரப்பில் கூடு கட்டிய இணைகள் 417 மட்டுமே. 1972-இல் டிடிடிக்குத் தடை வந்தது. 2007-இல் அருகிவரும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து வெண்தலைக் கழுகு நீக்கப்பட்டது. அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் இணைகளின் எண்ணிக்கை 71,400-ஐத் தாண்டியிருந்தது. அந்தத் தடைக்காக வழக்காடியவர்கள், முட்டையோட்டை அளந்து ஆதாரம் சேர்த்தவர்கள், தெளிப்பானைக் கீழே வைத்த உழவர்கள் ஆகியோரில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் இந்த மடலில் இடம் உண்டு என்று நினைக்கிறேன்.

மற்ற அனைவருக்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன். தனித்தனியாகச் சொல்லப் புகுந்தால் விடிந்துவிடும். முறை வைத்துக் காவல் நின்ற தமிழ்ப் பள்ளிக் குடும்பங்களுக்கு. காவலில் இருந்தவர்கள் பசியோடு நிற்கக் கூடாது என்று தயிர்சோறும் ஊறுகாயும் கட்டிக் கொண்டுவந்த அக்காமார்களுக்கு. நாயை வாரில் பிடித்து மறுபாதையில் சுற்றிப் போன முகமறியாத அயலவர்களுக்கு. நள்ளிரவிலும் தொலைபேசியை எடுத்த அந்தத் தன்னார்வலருக்கு. மீனைக் கொண்டுபோய் நாமே வைக்கலாமே என்று கேட்டு, கூடாது என்றதும் முகம் கோணாமல் ஏற்றுக்கொண்ட இளைஞர்களுக்கு. இரைகொல்லிப் பறவைகளுக்காக மின்னசோட்டாப் பல்கலைக்கழகம் 1974 முதல் நடத்திவரும் ராப்டர் மையம் காரில் போய்விடும் தொலைவில் இருக்கிறது என்ற நினைப்பும், போக வேண்டிய தேவை வராவிட்டாலும், எங்களுக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை மட்டும் இந்தக் கூட்டத்திலிருந்து பிரித்துச் சொல்கிறேன். பாதையோரம் கிடந்த நீண்ட இறகொன்றை அவள் முதலில் கண்டாள். கழுகின் இறகை எடுத்து வைத்திருப்பதற்குக்கூட இந்நாட்டுச் சட்டம் இடம் தராது; 1940-ஆம் ஆண்டுச் சட்டம் அது. அதைச் சொன்னதும் அவள் கண் கலங்கிற்று. ஆனால் அழவில்லை, அடம்பிடிக்கவும் இல்லை. குனிந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நுனியிலிருந்து அடிவரை அந்த இறகை நிதானமாகப் பார்த்து முடித்துவிட்டு எழுந்து போனாள். அவள் அம்மா அப்பாவுக்கு என் வணக்கம்.

குஞ்சுக்கு இன்னும் ஆபத்து தீரவில்லை என்பதை அறிந்தே இருக்கிறேன். பறக்கப் பழகிவிட்டாலும் மீன் பிடிக்கப் பழக வேண்டும். அதுவரை பெற்றவைதாம் ஊட்ட வேண்டும். தலையும் வாலும் வெளுத்து முழுவளர்ச்சி அடைய ஐந்தாண்டுகள் ஆகும். அதற்குள் வேட்டைக்காரர்கள் விட்டுச் செல்லும் மான் குடலில் சிதறிக் கிடக்கும், தின்றால் நஞ்சாகும் ஈயக் குண்டுத் துணுக்கு உண்டு, கரையில் அறுந்து கிடக்கும் தூண்டில் நூல் உண்டு, சாலையில் அடிபட்ட விலங்கைத் தின்ன இறங்கும்போது விரைந்து வரும் லாரி உண்டு. இவற்றில் நம் கைக்கு எட்டுவன சிலவேனும் இருக்கின்றன. அவற்றைச் செய்வதென்று நான் உறுதி எடுத்திருக்கிறேன்.

கூடு கட்டும் காலத்தில் அரசு வழிகாட்டுதல் சொல்வதுபோல் கூட்டிலிருந்து 330 அடிக்கு உள்ளே நான் வரமாட்டேன்; படம் எடுப்பதற்கென்றாலும் வரமாட்டேன். மான் வேட்டைக்குப் போகும் நண்பர்களிடம் ஈயத்துக்குப் பதிலாகச் செப்புக் குண்டைப் பயன்படுத்துமாறு வெளிப்படையாகக் கேட்பேன். கொடி நட்ட அந்த வளையத்தை ஆண்டுதோறும் கோடை முடியும்வரை வெட்டாமல் விட வேண்டும் என்று பூங்கா அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். அவருக்கு அதனால் இடைஞ்சல் எதுவும் வராது என்று அவரே படித்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அனுப்புவேன்; அனுப்புமுன் உங்கள் கையொப்பங்களும் வேண்டும்.

தூண்டில் நூல் பொறுக்கும் வேலையை இலையுதிர்காலத்தில் தொடங்கலாம். அதற்குள் குஞ்சு இந்தக் கரையை விட்டுப் போயிருக்கும். கையுறையும் வாளியும் என்னிடம் இருக்கின்றன. வர இயன்றவர்கள் சொல்லுங்கள். சிறுவர்களையும் அழைத்து வரலாம், நாயை மட்டும் வீட்டில் விட்டு வாருங்கள்.

நன்றியுடன்,
ஆற்றங்கரைக் காவலில் உங்களோடு நின்ற ஒருத்தி