நிலா உரிந்தது, தேவாங்கு சுவரைப் பெயர்த்தது: வினைல் ரோல் குறித்த புகார் கடிதம்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
அய்யலூர், திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
பொது மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 21 ஏப்ரல் 2025

பொருள்: ‘தடயமின்றிப் பிரித்தெடுக்கலாம்’ என்ற சீட்டுடன் விற்கப்பட்ட கறுப்பு வினைல் ரோல், அங்கன்வாடிச் சுவரின் வண்ணத்தையும் பட்டியையும் பெயர்த்தது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். 2024 ஜூன் மாதம் உங்களிடம் வாங்கிய வீட்டு உபயோகக் கட்டிங் மெஷினில் (கணினியில் வரைந்த படத்தை அப்படியே வெட்டித் தரும் கருவி) எனக்குக் குறை ஏதும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் புகார், அதே ஆண்டு ஆகஸ்டில் வாங்கிய கறுப்பு வினைல் ரோலைப் பற்றியது. (வினைல் என்பது பின்பக்கம் பசையுள்ள பிளாஸ்டிக் படலம்.) சுவரில் ஒட்டி, வேண்டும்போது தடயமின்றிப் பிரித்தெடுக்கலாம் என்று அட்டைப்பெட்டியிலும் ரோலின் சீட்டிலும் அச்சிட்டு விற்றீர்கள். ஆறரை மாதம் கழித்துப் பிரித்தபோது அது சுவரின் வண்ணத்தையும் அதற்கு அடியிலிருந்த பட்டியையும் (சுவரைச் சமமாக்கப் பூசும் மாவு) சேர்த்தே இழுத்துக்கொண்டு வந்தது. மார்ச் 18 அன்று படங்களுடன் மின்னஞ்சல் அனுப்பினேன். 25ஆம் தேதி பதில் வந்தது. சுவரில் ஈரம் இருந்திருக்கும், வண்ணம் சரியாகக் காயாமல் ஒட்டியிருப்பீர்கள், பிரித்த விதமும் தவறு என்று மூன்று காரணங்களைச் சொல்லி, அடுத்த முறை வாங்கும்போது பத்து சதவீதம் தள்ளுபடி தருவதாக எழுதியிருந்தீர்கள். தள்ளுபடி எனக்கு வேண்டாம். அந்த மூன்று காரணங்களும் ஏன் பொருந்தா என்பதை யாராவது ஒருவர் உட்கார்ந்து நிதானமாகப் படிக்க வேண்டும். அதற்காகத்தான் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நான் அரசுப் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஓவியம் கற்பித்தவள். எங்கள் பகுதிக் காடுகளில் தேவாங்கு வாழ்கிறது. 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் அதுதான். அப்படியிருந்தும் இங்கே வளரும் பிள்ளைகளில் பலர் அதைக் கண்ணால் கண்டதில்லை. அது இரவில் மட்டும் நடமாடும் பிராணி. ஒல்லியான பிள்ளையைக் கேலி செய்யும் சொல்லாகத்தான் அதன் பெயர் அவர்கள் காதில் விழுகிறது. பெரியவர்களிலோ அதைக் கண்டால் ஆகாது என்பவர்களும் உண்டு, பிடித்தால் மருந்துக்கு ஆகும் என்பவர்களும் உண்டு. பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவியாய் இருக்கும் பிராணிக்கு இது பெரும் அநியாயம் என்பது என் நெடுநாள் வருத்தம்.

அதனால் பக்கத்துத் தெரு அங்கன்வாடியின் நீளச் சுவரில் ‘இரவுக் காடு’ ஒன்று அமைத்துத் தருகிறேன் என்று அங்கிருக்கும் பணியாளரிடம் சொன்னேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை படங்களை மாற்றுவது என்று பேச்சு. முதலில் இரவுப் பிராணிகள், அடுத்துப் பறவைகள், அதற்குப் பிறகு குளத்து உயிர்கள். மாற்ற வேண்டும் என்பதால்தான் தூரிகையைத் தொடாமல் வினைலுக்கு வந்தேன். அதிலும் பிரித்தெடுக்கும் வகைதான் வேண்டும் என்று பார்த்து வாங்கினேன்.

வேலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். அதைச் சொன்னால்தான் இழப்பு எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். தேவாங்கின் உடல் நீளம் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலோ குறைவோ இருக்கும். ஆகவே உங்கள் பன்னிரண்டு அங்குலக் கட்டிங் மேட் (வெட்டும்போது வினைலைத் தாங்கும் பலகை) மீது அதை இயற்கையான அளவிலேயே வெட்ட முடிந்தது. பிள்ளைகள் தங்கள் கையை விரித்து அதன் முதுகில் வைத்து அளந்து பார்த்தார்கள். அதன் விரல்களை வெட்டுவதுதான் கடினம். வரைந்தபடியே வெட்டினால் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த கோடுகள் களையெடுக்கும்போது கூடவே எழும்பி வந்துவிடும். (வேண்டாத பகுதியைப் பிடுங்கி எடுப்பதை இத்தொழிலில் வீடிங் என்கிறார்கள். எனக்குக் களையெடுப்பு என்று சொல்லத்தான் வருகிறது.) கணினியில் ஒவ்வொரு விரலையும் சிறிது தடிப்பாக்கி, மறுபடியும் வெட்டி, மூன்று தேவாங்குகளை முடிக்க நான்கு நாள் ஆயிற்று. அழுங்கு, அதாவது எறும்புதின்னி, பெரிய பிராணி. நான்கு துண்டுகளாக வெட்டி இணைத்தேன். அதன் செதில்களுக்கு இடையே இருக்கும் மெல்லிய இடைவெளிகளை ஊசி முனையால் எடுத்து முடிக்க ஒரு முழுப் பகல் போயிற்று. பிறகு முள்ளம்பன்றி, மரநாய், கூகை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மஞ்சள் நிலா.

அந்த நிலாதான் என் முதல் சாட்சி.

பிராணிகள் எல்லாம் ஆகஸ்டில் வாங்கிய கறுப்பு ரோலில் வெட்டியவை. நிலாவை மட்டும் ஜூனில் மெஷினோடு வந்த மஞ்சள் ரோலில் வெட்டினேன். இரண்டும் உங்கள் பொருள்கள். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே வாசகம். அவற்றை ஒரே சுவரில், ஒரே நாளில், 2024 ஆகஸ்ட் 31 அன்று ஒட்டினேன். நிலாவின் கீழ் விளிம்புக்கும் நடுத் தேவாங்கின் தலைக்கும் இடையே நான்கு விரற்கடைகூட இல்லை. 2025 மார்ச் 15 அன்று இரண்டையும் நானே பிரித்தேன். நிலாவின் ஓரத்தை நகத்தால் நெம்பியதும் வாழைப்பழத் தோல்போல முழுதாக உரிந்து வந்தது. இருந்த இடம் தெரியவில்லை. பசைப் பிசுக்குக்கூட இல்லை. அடுத்துத் தேவாங்கின் காதைப் பிடித்தேன். காதோடு வண்ணம் வந்தது. வண்ணத்தோடு பட்டி வந்தது. பாதி உடம்பு வருவதற்குள் சுவரில் தேவாங்கின் வடிவத்திலேயே ஒரு வெள்ளைக் குழி விழுந்துவிட்டது. அழுங்கின் வாலை மட்டும் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு செதிலும் தன் அளவுக்குச் சுவரைக் கிள்ளிக்கொண்டு வந்தது. அதோடு நிறுத்திவிட்டேன். முள்ளம்பன்றியும் மரநாயும் கூகையும் இன்னும் சுவரில்தான் இருக்கின்றன. உங்கள் ஆட்கள் வந்து பார்க்கும்வரை அவற்றில் கைவைக்க மாட்டேன்.

ஈரமான சுவர் நிலாவை விட்டுவிட்டுத் தேவாங்கை மட்டும் பிடித்துக்கொள்ளுமா? அந்தச் சுவருக்கு 2024 மே மாதம் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கை எமல்ஷன் பூசினார்கள். புதுப் பூச்சு இறுகச் சில வாரங்கள் விட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். மூன்று மாதம் விட்டேன். பிரிக்கும்போது ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி, வினைலைச் சுவரோடு படியுமாறு பின்னுக்கு மடக்கி, மெல்ல இழுத்தேன். உங்கள் கையேட்டில் போட்டிருக்கும் முறையும் இதுதான். என் கை தவறு செய்தது என்றால் நிலாவிடமும் அல்லவா செய்திருக்க வேண்டும்?

இரண்டாவது சாட்சி உங்கள் மெஷினே. வினைல் வெட்டும்போது பிளேடு மேல் படலத்தை மட்டும் அறுக்க வேண்டும், பசையை மூடியிருக்கும் பின்தாளில் கீறல் விழலாமே தவிர அது அறுபடக் கூடாது. உங்கள் செயலியில் ‘பிரித்தெடுக்கும் சுவர் வினைல்’ என்று தேர்ந்தெடுத்தால் அழுத்தம் தானாக அமைந்துவிடுகிறது. மஞ்சள் ரோல் அந்த அமைப்பில் பிசகில்லாமல் வெட்டுப்பட்டது. கறுப்பு ரோலிலோ அதே அமைப்பில், அதே பிளேடு பின்தாளையும் அறுத்து மேட் வரைக்கும் இறங்கியது. ஆகஸ்ட் 24 அன்று உங்கள் உதவி எண்ணை அழைத்தேன். பேசிய பெண் பொறுமையாகத்தான் கேட்டார். பிளேடை மாற்றச் சொன்னார். 450 ரூபாய்க்குப் புதிய பிளேடு வாங்கி மாற்றியும் அப்படியேதான் இருந்தது. பிறகு அழுத்தத்தை இரண்டு படி குறைக்கச் சொன்னார். குறைத்ததும் சரியாக வெட்டியது. இருவருமே அதோடு விட்டுவிட்டோம். ஒரே வகை வினைலுக்கு, ஒரு ரோலுக்கு மட்டும் ஏன் இரண்டு படி குறைக்க வேண்டியிருக்கிறது என்று அன்று உங்கள் தரப்பில் ஒருவர் கேட்டிருந்தால், சுவர் இன்று நன்றாக இருந்திருக்கும்.

அந்த இரண்டு படியின் காரணம் சுவர் பெயர்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. சுவருக்கான வினைல் பொதுவாகத் தடித்தது. நிரந்தரமாக ஒட்டும் ஸ்டிக்கர் வினைல் அதைவிட மெல்லியது. இத்தொழிலில் பலரும் அளவுகோலாகச் சொல்லும் ‘ஓரகால்’ என்ற பிராண்டின் வினைலில், பிரித்தெடுக்கக்கூடிய 631 வகை 80 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), வண்டிகளிலும் பெயர்ப்பலகைகளிலும் ஒட்டும் நிரந்தரமான 651 வகை 63 மைக்ரான். (உங்கள் ரோல் அந்த நிறுவனத்துடையது என்று நான் சொல்லவில்லை.) என்னிடம் மிஞ்சியிருந்த மஞ்சள் துண்டையும் கறுப்புத் துண்டையும் எங்கள் ஊர் லேத் பட்டறையில் மைக்ரோமீட்டரில் வைத்து அளக்கச் சொன்னேன். ஒவ்வொன்றையும் பின்தாளோடு மூன்று இடத்தில் அளந்தார்கள். மூன்று முறையும் கறுப்பு 0.02 மில்லிமீட்டர் மெல்லியதாக இருந்தது. தடித்த வினைலுக்கு வைத்த அழுத்தம் மெல்லிய வினைலில் பின்தாள்வரை இறங்காமல் என்ன செய்யும்? பளபளப்பையும் சொல்ல வேண்டும். சீட்டில் ‘மேட் பினிஷ்’, அதாவது பளபளப்பு இல்லாதது, என்று இருக்கிறது. மஞ்சள் அப்படியே மங்கலாக, சுவரில் தீட்டியதுபோல இருந்தது. கறுப்பு டியூப்லைட் வெளிச்சத்தில் மின்னியது. அங்கன்வாடிப் பணியாளர் முதல் நாளே, “டீச்சர், இது மட்டும் ஏன் இப்படிப் பளபளக்கிறது?” என்று கேட்டார். நிறத்தின் தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகவே, நிரந்தரப் பசை கொண்ட வினைலை, பிரித்தெடுக்கும் வினைல் என்ற சீட்டோடு எனக்கு விற்றிருக்கிறீர்கள் என்பது என் முடிவு. இதில் இன்னொன்றும் உண்டு. ரோலின் உள்குழாயில் ஒட்டியிருக்கும் உங்கள் சீட்டின் ஓரத்தில், அடியில் வேறொரு சீட்டு இருப்பது தெரிகிறது. அதன் ஒரு மூலையும் பாதி எழுத்தும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. நான் அதைக் கிழித்துப் பார்க்கவில்லை. ஒரு தாளில் சுற்றிப் பீரோவில் வைத்திருக்கிறேன்.

பிள்ளைகளைப் பற்றி உங்கள் பதிலில் ஒரு வரி இல்லை. மின்னஞ்சலில் நான் அதைத்தான் முதலில் எழுதியிருந்தேன். அங்கே வருபவர்கள் இரண்டு வயதிலிருந்து ஐந்து, ஆறு வயது வரையுள்ள குழந்தைகள். கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் வயது. பெயர்ந்த இடத்தின் ஓரங்களிலிருந்து வண்ணமும் பட்டியும் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அது பழைய கட்டடம். மேல்பூச்சு புதியது. அடியில் எத்தனை ஆண்டுப் பழைய வண்ணங்கள் இருக்கின்றன என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பூச்சு உதிர்ந்தால் அதில் என்ன இருக்கும் என்ற பயம் எனக்கு இருக்கிறது. பணியாளர் அந்தச் சுவரை ஒட்டிப் பாயைக் கட்டி மறைத்து, பிள்ளைகளை அறையின் மறுபாதியில் நெருக்கி உட்காரவைத்திருக்கிறார். சுவரை அழகாக்கித் தருகிறேன் என்று சொன்னவள் நான். அந்த வாசலில் நுழையவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நான் கேட்பது இவைதான். முதலில், அந்தக் கறுப்பு ரோலின் தொகுப்பு எண்ணைக் கொண்டு, அதே தொகுப்பை வாங்கிய எல்லாருக்கும் உடனே எச்சரிக்கை அனுப்புங்கள். குழந்தைகளின் அறைச் சுவரில் யானையும் முயலும் வெட்டி ஒட்டியவர்கள் இருப்பார்கள். வாடகை வீட்டில் ஒட்டியவர்கள் இருப்பார்கள். முன்பணத்தில் பிடித்துக்கொண்டு போகச் சொல்லும் வீட்டுக்காரரிடம் அவர்கள் என்ன பதில் சொல்வார்கள்? பணம் தருவதற்கு முன்பே நீங்கள் செய்ய வேண்டிய வேலை இது. அடுத்து, சுவரைச் சுரண்டி, மறுபடி பட்டி பார்த்து, பிரைமரும் இரண்டு கை எமல்ஷனும் அடிக்கப் பெயிண்டர் எழுதிக் கொடுத்த மதிப்பீடு 7,200 ரூபாய். அதை அங்கன்வாடிக்குத் தர வேண்டும். மீதமுள்ள படங்களைச் சுவருக்குக் கேடில்லாமல் எடுக்க, விவரம் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள். ரோலின் விலை 1,150 ரூபாயையும் வீணாக வாங்கிய பிளேடின் விலையையும் எனக்குத் திருப்பித் தாருங்கள். நான் உழைத்த நாள்களுக்கு எதுவும் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். விற்ற பொருளால் வேறொரு சொத்துக்கு நேரும் சேதத்தையும் அந்தச் சட்டம் தீங்கு என்றே கணக்கிடுகிறது. பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கும்படி ஆணையத்தைக் கேட்கவும் வழி உண்டு. அப்படி ஒரு சோதனையைத்தான் நான் விரும்புகிறேன். சுவரைக் குறை சொல்வதற்கு முன் நீங்களே அதைச் செய்திருக்கலாம்.

மிஞ்சிய கறுப்பு ரோல், மஞ்சள் துண்டு, தேவாங்கோடு பெயர்ந்து வந்த பட்டி எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் ஆள் எந்த நாளில் வருகிறார் என்று முன்கூட்டித் தெரிவியுங்கள். உள்குழாயின் மேல் சீட்டை அவர் கண்முன்னால், பணியாளரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரிக்கிறேன். அடியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மூவரும் சேர்ந்தே படிக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: ரசீதுகளின் நகல் மூன்று, சுவரின் படங்கள் ஒன்பது, பெயிண்டரின் மதிப்பீடு, உங்கள் மார்ச் 25 மின்னஞ்சலின் நகல்.