ஒரு நாள் பால் காசு தாருங்கள்

பாலக்காட்டு எல்லையில் வேலந்தாவளம் முதல் கோவிந்தாபுரம் வரை மாடு, ஆடு வளர்க்கும் அனைவருக்கும், வெளியூரில் வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம். நம் பிள்ளைகளைக் கால்நடை மருத்துவம் படிக்க வைக்க உங்கள் உதவி கேட்டு இதை எழுதுகிறோம்.

போன மாசியில் எங்கள் குழுவைச் சேர்ந்த ஓர் அக்காவின் மாடு கன்று போட்டது. "இளங்கொடி இன்னும் போடலைங்க" என்று ராத்திரியே டாக்டருக்குப் போன் செய்தார். கன்று போட்டபின் விழ வேண்டிய நஞ்சுக்கொடியைத்தான் நாம் இளங்கொடி என்போம். டாக்டர் தெற்கு ஜில்லாவிலிருந்து புதிதாக வந்தவர். அவர் பேசும் மலையாளத்தில் அது 'மறுபிள்ளை'. கொடி என்றதும் கன்றின் தொப்புள்கொடியை நினைத்துக்கொண்டு, டிஞ்சர் தடவச் சொன்னார். விஷயம் புரிந்து அவர் ஓடிவந்தபோது மறுநாள் சாயங்காலம். கருப்பையில் சீழ் வைத்துவிட்டது. மாடு பிழைத்தது, அப்புறம் சினை பிடிக்கவே இல்லை. டாக்டர் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை, அக்கறையுள்ள பையன். ஆனால் நம் தொழுவத்துப் பேச்சு தெரிந்த ஒரு டாக்டர் நமக்கு ஏன் இல்லை?

விடியுமுன் பால் பீய்ச்சுவது, சாணி அள்ளுவது, புல் அறுப்பது எல்லாம் பெண்கள். ஆடு மேய்ப்பவர்களில் பலர் எரவாளர் பழங்குடி, பட்டியல் சாதி வீட்டுக்காரர்கள். ஆட்டுக்கொல்லி நோய் வருவதைச் புழுக்கையைப் பார்த்தே சொல்லும் பாட்டிகள் அந்த வீடுகளில் இருக்கிறார்கள். ஆனால் அந்த வீடுகளிலிருந்து எங்கள் ஊர்களில் ஒருவர்கூட கால்நடை மருத்துவர் ஆகவில்லை. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து 1952-ல் பட்டம் பெற்றார் சக்குபாய் ராமச்சந்திரன். நாட்டின் முதல் பெண் கால்நடை மருத்துவர் என்று சொல்லப்படுபவர் அவர். 70 வருஷம் தாண்டியும் அந்த வழி நம் தெருவுக்கு வரவில்லை. மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரி 1955-லிருந்து நம் பக்கத்து ஜில்லாவான திருச்சூரில்தான் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு அறிவு குறைவில்லை. இந்தப் படிப்பில் சேருவதற்கான நீட் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், ஆனால் பயிற்சிக்குப் போகப் பணம் வேண்டும். இடம் கிடைத்தாலும் கல்லூரிப் பாடம் முழுக்க ஆங்கிலம். இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து ஐந்தரை வருஷப் படிப்பு. பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு அரசு உதவி உண்டு, அது கைக்கு வருவதற்குள் ஹாஸ்டல், மெஸ், புத்தகம், பூட்ஸ் என்று செலவு வந்து நிற்கும். அந்த முதல் சில மாதங்களில்தான் பிள்ளைகள் திரும்பி வந்துவிடுகிறார்கள். ஒரு தங்கை அப்படித் திரும்பி வந்து இப்போது தீப்பெட்டி ஒட்டுகிறாள். அதை நினைத்தால் எங்களுக்கு மனசு ஆறவில்லை.

இந்த வருஷம் மூன்று பேரைப் படிக்க வைக்க நினைக்கிறோம்: இரண்டு பெண்கள், ஒரு பையன். பயிற்சிக்கும் ஆங்கில வகுப்புக்கும் முதல் வருஷச் செலவுக்கும் 2,40,000 ரூபாய் தேவை. படித்து முடித்துவிட்டு இங்கேதான் வேலை பார்க்க வேண்டும் என்று யாரிடமும் எழுதி வாங்கமாட்டோம்.

பால் ஊற்றுபவர்கள் ஒரு நாள் பால் காசு கொடுங்கள். முடியாதவர்கள் ஒரு லிட்டர் காசு கொடுத்தாலும் சரி. திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் இருப்பவர்கள் பொங்கலுக்கு வரும்போது தரலாம். பத்து ரூபாய் ஆனாலும் ரசீது உண்டு. மாதக் கடைசி ஞாயிறு காலையில் பால் ஊற்றி முடித்ததும் பால் சொசைட்டி வாசலில் வரவு செலவை வாசிப்போம். யார் வேண்டுமானாலும் நோட்டை வாங்கிப் பார்க்கலாம்.