தேடுனா தலைவருங்க தான் வர்றாங்க

என்னடி ஸ்டெனோ அம்மா, எப்படி இருக்க? முட்டி ஆபரேஷன் முடிஞ்சு நடக்க ஆரம்பிச்சிட்டேன்னு நீ எழுதினத படிச்சப்புறம் தான் எனக்கு நிம்மதி. ஃபிசியோவுக்கு டிமிக்கி குடுக்காத, உன்ன பத்தி எனக்குத் தெரியும். இங்க எல்லாரும் சுகம். பெரியவன் வேலை மாறிட்டான், சம்பளம் ஏறிடுச்சு, தூக்கம் கொறஞ்சிடுச்சு. சின்னவ வழக்கம்போல போன எடுக்கறதில்ல, மெசேஜ்ல கட்டைவிரல் மட்டும் தூக்கி காட்டுவா.

ராத்திரி கண்ண கெடுத்துக்கிட்டு கம்ப்யூட்டர்ல அப்படி என்னத்த தான் தேடுறேன்னு கேட்டிருந்தியே, சொல்றேன், ஆனா நீளமா போகும், காபிய போட்டுட்டு வந்து உக்காரு. அமெரிக்காவுல கறுப்பர்கள் ஓட்டுரிமைக்குப் போராடினது, தென்னாப்பிரிக்காவுல நிறவெறிக்கு எதிரா நடந்தது, இதோட பழைய டேப்பு, கோர்ட் ரெக்கார்டிங், நோட்டீஸு, கடுதாசி எல்லாத்தையும் லைப்ரரிங்களும் யுனிவர்சிட்டிங்களும் ஸ்கேன் பண்ணி ஆன்லைன்ல போட்டு வெச்சிருக்காங்க. காசு இல்ல, யார் வேணா பாக்கலாம். நானும் சும்மா மண்டேலா பேச்சு ஒன்னு கேக்கலாம்னு தான் உள்ள போனேன்.

இங்க தான் உன் ஞாபகம் வந்துச்சு. ரிவோனியா கேஸ்னு சொல்லுவாங்க, 1963லயும் 64லயும் நடந்தது, மண்டேலாவுக்கும் கூட இருந்தவங்களுக்கும் ஆயுள் தண்டனை குடுத்த கேஸ். அத பூராவும் டிக்டாபெல்ட்னு ஒன்னுல ரெக்கார்ட் பண்ணியிருக்காங்க. ஆமாண்டி, ஆபீஸ்ல லெட்டர் டிக்டேட் பண்றதுக்கு வெச்சிருந்த அதே சாமான், வளையம் மாதிரி ஒரு பிளாஸ்டிக் பெல்ட்டு, அது மேல ஊசி கோடு போட்டுக்கிட்டே போகும். மொத்தம் 591 பெல்ட், 256 மணி நேரம். அந்த வளையத்த தட்டையா மடிச்சு வெச்சா மடிப்பு விழுந்துடும், அப்புறம் ஓட்டுறப்ப மடிப்பு வர்ற எடத்துல எல்லாம் ஊசி துள்ளும். அந்த மிஷினும் எப்பவோ வழக்கொழிஞ்சு போச்சு. கடைசியில ஃபிரான்ஸ்ல ஹென்றி ஷமூன்னு ஒருத்தர், அந்தக் காலத்துல குரல் பதிஞ்சு வெச்ச பழைய மெழுகு சிலிண்டர் கேக்கறதுக்காக அவரு செஞ்சு வெச்ச ஆர்க்கியோஃபோன்ங்கற மிஷின்ல வெச்சு தான் அந்த நாட்டு ஆடியோ விஷுவல் ஆவணக் காப்பகம் மொத்தத்தையும் டிஜிட்டல் ஆக்கி தந்திருக்கு.

ஆனா இதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே, 2000 வாக்கில, மண்டேலா பேசின பெல்ட்டுங்கள மட்டும் பிரிட்டிஷ் லைப்ரரியில மீட்டு எடுத்தாச்சு. 1964 ஏப்ரல் 20, கிட்டத்தட்ட மூணு மணி நேரப் பேச்சு. அதுக்கு அவசரம் இருந்துச்சு, ஒத்துக்கறேன். மத்தவங்க குரல் எல்லாம் இன்னும் பத்து வருஷத்துக்கு மேல பெட்டிக்குள்ளயே கெடந்துச்சு பாரு. அதே வழக்குல எலியாஸ் மொட்சோலெடி, ஆண்ட்ரூ மிலாங்கெனின்னு ரெண்டு பேரு கூண்டுலருந்து சுருக்கமா பேசினாங்க, வால்டர் சிசுலு சாட்சிக் கூண்டுல ஏறி நாள் கணக்கா குறுக்கு விசாரணைய தாங்கினாரு. இவங்களுக்கும் அதே ஆயுள் தண்டனை தான். தேடுற பெட்டியில ரிவோனியான்னு அடிச்சேன்னா மொத ரெண்டு பக்கத்துக்கு மண்டேலா, மண்டேலா, மண்டேலா. கம்ப்யூட்டர் மேல தப்பில்ல, யார் பேர யாரெல்லாம் டைப் பண்ணி வெச்சாங்களோ அது தானே வரும். எனக்கு இதுல ஒரு வெறியே வந்துடுச்சு, பேரு தெரியாதவங்கள எப்படி தேடுறதுன்னு.

ஃபேனி லூ ஹேமர் கேட்டிருக்கியா? அமெரிக்காவுல மிசிசிப்பி மாநிலத்துல பருத்தி எடுத்துக்கிட்டிருந்தவங்க. 1964 ஆகஸ்ட் 22 அன்னிக்கு அட்லாண்டிக் சிட்டியில டெமாக்ரட் கட்சி கமிட்டி முன்னாடி சாட்சி சொன்னாங்க, ரொம்ப நேரம் இல்ல, எட்டு நிமிஷம் இருக்கும். டிவியில நேரடியா போய்க்கிட்டு இருந்தப்பவே ஜனாதிபதி ஜான்சன் திடீர்னு பிரஸ் மீட் வெச்சு கேமராவ அந்தப் பக்கம் திருப்பிட்டாரு, ஆனா அன்னிக்கு ராத்திரியே எல்லா சேனலும் அந்தம்மா பேச்ச போட்டுடுச்சு, திருப்பினதும் வீணாப் போச்சு. ஜெயில்ல அடி வாங்கினத அவங்க சொல்றத எல்லாரும் எடுத்து போடுறாங்க, சரி தான். ஆனா முழுசா கேட்டா தான் பஸ் விஷயம் வரும். 1962 ஆகஸ்ட் 31, 18 பேரு 26 மைல் பஸ்ல போறாங்க, வாக்காளரா பதிவு பண்றதுக்கு. திரும்பி வர்றப்ப போலீஸ் மறிச்சு டிரைவர் மேல கேஸ் போடுது, என்னன்னு தெரியுமா, பஸ்ஸோட கலர் தப்பாம்! அபராதத்த அவங்களுக்குள்ளயே பணம் போட்டு கட்டிட்டு ஊர் திரும்பியிருக்காங்க. கேட்டதும் எனக்கு சிரிப்பு வந்துச்சு, அப்புறம் அந்த டிரைவர் யாரு, அந்த மத்த 17 பேரு யாருன்னு தோணிச்சு பாரு, அன்னிக்கு தூக்கம் போச்சு.

அப்படி பேரு தெரியாதவங்கள தேடறதுக்கு இன்னொரு எடம் இருக்கு. அமெரிக்காவுல கறுப்பர் உரிமைக்குப் போராடின மாணவர் இயக்கம் ஒன்னு, ஸ்னிக்னு சொல்லுவாங்க, அவங்க வாட்ஸ்னு ஒரு டெலிபோன் லைன் வாங்கி வெச்சிருந்தாங்க (நம்ம வாட்ஸப் இல்லடி). அதுல ஒரே கட்டணம், எத்தன டிரங்க் கால் வேணா போடலாம். கிராமத்துல வேல செய்யறவங்க போன் பண்ணி இன்னாரைப் பிடிச்சாங்க, இந்த கார் பின்னாடியே வந்துச்சு, நம்பர் இதுன்னு சொல்லச் சொல்ல ஆபீஸ்ல ஒருத்தர் டைப் அடிச்சிருக்காரு. அந்த ஷீட்டுங்க இப்ப ஆன்லைன்ல இருக்கு, படிச்சா ஒரு அலங்காரமும் இல்ல, மணி, பேரு, ஊரு, அவ்வளவு தான். ஆனா மங்கிப்போன டைப்பு, அதனால கம்ப்யூட்டர் எழுத்த தப்பும் தவறுமா படிச்சு வெச்சிருக்கு, சரியான ஸ்பெல்லிங் போட்டு தேடினா ஒன்னும் வராது. தேதிய புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு பக்கமா புரட்ட வேண்டியது தான். இன்னொன்னு, கல்யாணமான பொம்பளைங்க நெறைய பேரு புருஷன் பேருல தான் பதிவாகியிருப்பாங்க, மிஸஸ் இன்னார்னு. அத புரிஞ்சுக்கிட்டப்புறம் தான் எனக்கு ஆளுங்க கெடைக்கவே ஆரம்பிச்சாங்க.

இதவிட வேடிக்கை என்னன்னா, பேரு வாரியா நல்லா அட்டவணை போட்டு, தேட வசதியா இருக்கறது எதிரி எழுதி வெச்ச ஃபைல். மிசிசிப்பி அரசாங்கமே 1956ல சாவரின்டி கமிஷன்னு ஒன்னு வெச்சு, யார் கூட்டத்துக்குப் போனா, யார் யாரோட பழகுறான்னு 1973 வரைக்கும் வேவு பாத்திருக்கு. 1977ல அந்த கமிஷன மூடுனப்ப ஃபைலுங்கள 2027 வரைக்கும் யாரும் தொறக்கக்கூடாதுன்னு சட்டமே போட்டுட்டாங்க. கேஸ் நடந்து 1998ல கோர்ட் தொறக்க வெச்சிடுச்சு, இப்ப 132,000 பக்கத்துக்கு மேல ஆன்லைன்ல கெடக்கு. போராடினவங்களுக்கு ஃபைல் போட ஆள் ஏது, நேரம் ஏது, வேவு பாத்தவனுக்கு மட்டும் சம்பளம் குடுத்து ஃபைல் போட்டிருக்கான்! ஆனா அத அப்படியே நம்பிடக்கூடாது. பாதி வம்பு, பாதி பொய், ஒருத்தர ஊர்ல கெட்ட பேரு ஆக்கறதுக்குன்னே எழுதினது. தேதியும் எடமும் எடுத்துக்கிட்டு, குணத்த பத்தி எழுதியிருக்கறத நான் தாண்டிப் போயிடறேன். யாரோட பாட்டி பேரோ அதுல இருக்கும்ல, பேரப்பிள்ளைங்க தேடுறப்ப மொதல்ல வர்றது அந்த அசிங்கமா இருந்தா எப்படி இருக்கும். தொறந்தது சரின்னு தான் நெனைக்கறேன், ஆனாலும் உறுத்துது.

கேட்டலாக்ல இருக்கற வார்த்தைங்களும் அந்தக் காலத்து வார்த்தைங்க தான், இப்ப சொல்லக் கூசற வார்த்தைய போட்டா தான் சில பெட்டி தொறக்குது, அது தனி கொடும.

சரி, உன்கிட்ட ஒரு வேலை இருக்கு. டிக்டாஃபோன்ல கேட்டுக் கேட்டு டைப் அடிச்சவ நீ. நான் இப்ப பழைய டேப்ப கேட்டு எழுதிப் பாத்துக்கிட்டிருக்கேன், நடுவுல யாரோ இருமுறாங்க, நாற்காலிய இழுக்கறாங்க, ஒரு பேரு வந்து போயிடுது, முப்பது தடவ போட்டாலும் புடிபடல. உங்க ஆபீஸ்ல அப்படி ஒரு வார்த்த கேக்கலன்னா என்ன பண்ணுவீங்க, கோடு போட்டு விட்டுடுவீங்களா, இல்ல இதுவா தான் இருக்கும்னு அடிச்சிடுவீங்களா? ஃபைல அனுப்பறேன், ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டுட்டு சொல்லு. ஃபிசியோ முடிச்சுட்டு கேளு, முன்னாடி இல்ல.