ஞானஸ்நான வகுப்பில் சேர விரும்புவோருக்கு

கர்த்தருக்குள் அன்பான யாங்கோன் தமிழ்ச் சபையாருக்கு ஸ்தோத்திரம். ஞானஸ்நான ஆயத்த வகுப்பைப் பற்றிப் பலர் விசாரிப்பதால் இதை எழுதுகிறோம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்னும் திரியேக தேவனையும், சிலுவையில் மரித்து மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்த இயேசு கிறிஸ்துவை விசுவாசிப்பதால் கிருபையாகக் கிடைக்கும் இரட்சிப்பையும் தம் வாயால் அறிக்கையிடுபவர்களுக்கே நம் சபையில் முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்படுகிறது. பெற்றோர் விசுவாசிகளாக இருப்பது மட்டும் போதாது. சுவிசேஷம் அறிவிப்பது மத்தேயு 28-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இட்ட கட்டளை, ஆனால் அது தலை எண்ணும் வேலையன்று. 1813-இல் ரங்கூனில் (இன்றைய யாங்கோன்) வந்திறங்கிய அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன், முதல் பர்மிய விசுவாசிக்கு ஞானஸ்நானம் கொடுக்க 1819 வரை காத்திருந்தார். ஆகவே பிள்ளைகளை யாரும் அவசரப்படுத்த வேண்டாம். தமிழ் வாசிக்கத் தடுமாறும் இளையோர் ஜட்சன் மொழிபெயர்த்த பர்மிய வேதாகமத்தையே வகுப்புக்குக் கொண்டுவரலாம்.