லிசிபா ரயில் காணொளி போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களுக்கு வணக்கம்.

சீனாவின் சோங்சிங் நகரில் அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் ரயில் புகுந்து வெளியேறும் காட்சியை உங்களில் யாராவது ஒருவர் அவ்வப்போது போட்டுவிடுகிறீர்கள். நானும் ஒவ்வொரு முறையும் பார்த்துவிடுகிறேன். கூடவே எழுதுகிற வரிதான் உறுத்துகிறது. "வீட்டை இடிக்க முடியாததால் நடுவில் ஓட்டை போட்டு ரயில் விட்டார்கள்" என்கிறீர்கள். சிலர் பிடிவாதக்காரக் குடியிருப்பவர் ஒருவரையும் கதையில் சேர்த்துவிடுகிறீர்கள்.

யாரும் ஓட்டை போடவில்லை. லிசிபா நிலையமும் அந்த 19 மாடிக் கட்டடமும் சேர்த்தே திட்டமிடப்பட்டவை. கீழ்த்தளங்களில் கடைகள், 6 முதல் 8 வரை நிலையம், 9-ஆம் தளத்திலிருந்து வீடுகள். அந்த இடத்தைப் பார்த்தால் காரணம் புரியும்: ஒரு பக்கம் ஜியாலிங் ஆறு, மறுபக்கம் செங்குத்தான மலை. நடுவில் இருக்கும் ஒடுக்கமான பட்டையில் வீடும் வேண்டும், ரயிலும் வேண்டும். ஒன்றை விரட்டாமல் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டார்கள்.

உண்மையான சாமர்த்தியம் உங்கள் காணொளியில் தெரியாத இடத்தில் இருக்கிறது. ரயிலின் பாரத்தைக் கட்டடம் தாங்கவில்லை. தடத்துக்கும் நிலையத்துக்கும் தனித் தூண்கள். அவற்றுக்கும் கட்டடத்துக்கும் நடுவே ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் இடைவெளி. ரயில் வரும்போது எழும் அதிர்வு நேராக மேல் வீடுகளுக்கு ஏறாமல் இருப்பது இந்த ஒரு சாண் இடைவெளியால்தான்.

அப்புறம், "அந்தச் சத்தத்தில் எப்படித் தூங்குகிறார்கள்?" என்ற கேள்வி. அது நாம் பழகிய இரும்புச் சக்கர ரயில் இல்லை, மோனோரயில். ஒற்றைக் கான்கிரீட் உத்தரத்தைக் கவ்விக்கொண்டு ரப்பர் டயரில் ஓடுகிறது. ஜப்பானின் ஹிட்டாச்சி தொழில்நுட்பம், ஜப்பானிய யென் கடன். 2005-இல் சேவைக்கு வந்த சோங்சிங் மெட்ரோவின் இந்த 2-ஆம் வழித்தடம்தான் சீனாவில் நகரப் போக்குவரத்துக்காக ஓடிய முதல் மோனோரயில். செங்குத்தாக ஏறவும் குறுகலாகத் திரும்பவும் முடியும் என்பதால் மலைநகரத்துக்குப் பொருத்தம். சத்தம் குறைந்தது கூடுதல் லாபம்.

கூட்டம் பெருகியதால் 2018-இல் கீழே சாலையோரம் பார்வை மேடையும் கட்டிக் கொடுத்தார்கள். வாயைப் பிளந்து ரயிலை விழுங்குவது போலப் படம் எடுக்கும் வழக்கம் அங்கே பிரபலம். வேடிக்கைதான், எடுங்கள். மேல்மாடி ஜன்னல்களை மட்டும் நெருக்கிக் காட்டாதீர்கள். அங்கே குடும்பங்கள் இருக்கின்றன.

ஒரு வேண்டுகோளும் உண்டு. வெளியே நின்று எடுத்தது போதும், அடுத்த முறை உள்ளே ஏறுங்கள். லிசிபாவுக்கு அடுத்த நிலையம் ஃபோதுகுவான். இடையில் தடம் மலைச்சரிவை ஒட்டி ஏறும். வசந்தத்தில் இருபுறமும் மரங்கள் பூத்திருக்கும். அதைத் தமிழில் யாரும் போட்டு நான் இன்னும் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் காணொளிகளை விடாமல் பார்க்கும் ஒருவன்