அபராதத் தொகை மட்டும் தெரிந்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போக்குவரத்து அபராதம் கூடினால் மறுநாளே பத்திரிகைகளில் பட்டியல் வந்துவிடுகிறது. 2022 அக்டோபரில் தமிழக அரசு அபராதத்தை உயர்த்தியபோது வந்த பட்டியலை எங்கள் வேன் ஸ்டாண்டில் வெட்டி ஒட்டி வைத்தோம். ஹெல்மெட் இல்லையென்றால் 1,000 ரூபாய், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000, ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000. ஸ்டாண்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அது நல்ல காரியம்தான். ஆனால் அதே சட்டங்களில் நமக்குப் பாதுகாப்பாக எழுதி வைத்திருப்பதை யாரும் இப்படிப் பட்டியல் போடுவதில்லை. அதைக் கேட்டுத்தான் இந்தக் கடிதம்.

நான் இராஜபாளையத்தில் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். சீசனைப் பொறுத்து குற்றாலம், கொடைக்கானல், ஊட்டி, ஐயப்பன் கோயில் என்று சவாரி போகும். ரோட்டுக்கு ஒரு சட்டம், காட்டுக்கு ஒன்று, லாட்ஜுக்கு ஒன்று, செக்போஸ்டில் வேறொன்று என ஒரே டிரிப்பில் எல்லாமே குறுக்கே வரும். வண்டியில் வருகிறவர்கள் எது சரி, எது தப்பு என்று டிரைவரிடம்தான் கேட்பார்கள். அதனாலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

முதலில் என் தொழிலில் இருந்து சொல்கிறேன். டிசம்பர் மாதம் ஊட்டியில் இரவு பத்து மணிக்கு எல்லோரையும் லாட்ஜில் இறக்கிவிட்டால், அவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார்கள். டிரைவருக்கு வேன்தான் வீடு. கண்ணாடியை ஏற்றினால் மூச்சு முட்டும், இறக்கினால் பனி உள்ளே வரும். சீட்டைச் சாய்த்துப் போட்டுக் காலை மடக்கிப் படுக்க வேண்டியதுதான். அவசரத்துக்கு ஒதுங்க வேண்டுமென்றால் பெட்ரோல் பங்க்கைத் தேடிப் போக வேண்டும், அதுவும் அந்த நேரத்தில் பூட்டியிருக்கும். விடிந்ததும் இதே டிரைவர்தான் பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு குன்னூர் மலைப்பாதையில் இறங்குகிறார். தூங்காதவன் ஓட்டுகிறான் என்பது பின்னால் உட்கார்ந்து பாட்டுப் போடச் சொல்பவர்களுக்குத் தெரியாது.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. ஓட்டல், லாட்ஜ்களில் சுற்றுலா வாகன ஓட்டுநர்கள் தங்குவதற்குத் தனி இடமும், கழிப்பறை, குளியலறையும் இருக்க வேண்டும் என்று 2023இல் தமிழக அரசு கட்டட விதிகளைத் திருத்தியது. அதற்கும் வெகு காலம் முன்னால், 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, ஐந்து மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் அரை மணி நேரமாவது ஓய்வு என்று எழுதினார்கள். அந்த நேரக் கணக்கை மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆவது பிரிவும் எடுத்துக்கொண்டது. எங்கள் ஸ்டாண்டில் இதைக் கேள்விப்பட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு லாட்ஜ் மேனேஜரிடம் 2023 விதியைப் பற்றிச் சொன்னபோது, "அப்படி ஒண்ணு இருக்காண்ணே?" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். நல்ல மனிதர், ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரு பாய் விரித்துக் கொடுத்தார். விதி அவருக்கு முன்பே தெரிந்திருந்தால் ஓனரிடம் சொல்லி ஒரு கட்டிலாவது போட்டிருப்பார் என்று நம்புகிறேன். ரூம் புக் செய்யும் குடும்பங்களுக்கும் இது தெரிய வேண்டும். சுடுதண்ணீர் வருமா, டிவி இருக்கிறதா என்று கேட்கிறவர்கள், டிரைவர் படுக்க இடம் உண்டா என்றும் ஒரு வார்த்தை கேட்டால் போதும், லாட்ஜ்காரர்கள் தானாகச் செய்வார்கள்.

அடுத்து, ஆவணங்கள். ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் மொபைலில் காட்டலாம் என்று 2018 நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 139ஆவது விதியைத் திருத்திவிட்டார்கள். அரசின் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ இருக்க வேண்டும், அவ்வளவுதான். கேலரியில் போட்டோ எடுத்து வைத்திருப்பது செல்லாது. இது இன்னும் எல்லாச் செக்போஸ்டுக்கும் போய்ச் சேரவில்லை. ஒரு இரவு, ஒரிஜினல் ஆர்.சி.யைக் கொடு என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைத்தார்கள். வண்டிக்குள் கைக்குழந்தை அழுதுகொண்டே இருந்தது. பிறகு வந்த அதிகாரி மொபைலைப் பார்த்துவிட்டு, சரி போங்க என்றார். அந்த இளம் காவலர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. விதியைத் தமிழில் அச்சடித்து அந்தக் கூண்டிலேயே மாட்டியிருந்தால் இரண்டு பேருக்கும் வாக்குவாதம் மிச்சம்.

லைசென்ஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டால் அதற்கு ஒப்புகைச் சீட்டு தர வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 206ஆவது பிரிவு சொல்கிறது. அந்தச் சீட்டை வைத்து, லைசென்ஸ் திரும்பி வரும்வரை வண்டி ஓட்டலாம். சீட்டு வாங்காமல் வந்துவிட்டுப் பிழைப்பை இழந்து வீட்டில் உட்கார்ந்திருந்த டிரைவர்களை எனக்குத் தெரியும். கேமரா வைத்துப் பிடிக்கும் இடங்களில் முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும், 15 நாட்களுக்குள் நோட்டீஸ் வர வேண்டும் என்று 2021இல் விதி கொண்டுவந்தார்கள். அபராதச் சலான் தவறு என்று நினைத்தால் உடனே பணத்தைக் கட்டாமல் ஆட்சேபம் சொல்லலாம். குறுஞ்செய்தி வந்த உடனே பயந்து கட்டுகிறவர்கள்தான் அதிகம்.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது விபத்து விஷயம். தென்காசி ரோட்டில் பைக்கில் போனவர் விழுந்து கிடப்பார். சுற்றி இருபது பேர் நிற்பார்கள், யாரும் தொட மாட்டார்கள். மனசு இல்லாமல் இல்லை. தூக்கினால் ஸ்டேஷன், கோர்ட் என்று அலைய வேண்டும் என்ற பழைய பயம். ஒருமுறை நான் வண்டியை நிறுத்தியபோது பின்னால் இருந்த வயதான அம்மா, "வேண்டாம் தம்பி, நமக்கு எதுக்கு வம்பு, எடு வண்டிய" என்று கெஞ்சினார். உதவி செய்பவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016லேயே சொல்லிவிட்டது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று தனிப் பிரிவே சேர்த்தார்கள். அடிபட்டவரை நல்ல எண்ணத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் மேல் வழக்குப் போட முடியாது. பெயர், விலாசம் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 முதல் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்குப் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில், தனியார் உட்பட, இலவசச் சிகிச்சை. தொடங்கும்போதே ஒரு லட்சம் ரூபாய் வரை என்றார்கள். எந்த ஊர்க்காரராக இருந்தாலும் உண்டு. இந்த நாலு வரியை விபத்து அதிகம் நடக்கும் இடங்களில் பெரிய எழுத்தில் பலகையாக வைத்தால் உயிர்கள் பிழைக்கும். "வேகம் விவேகமல்ல" பலகை ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

சுற்றுலா இடங்களில் கட்டுப்பாடுகள் உண்டு, அவற்றை நான் குறை சொல்லவில்லை. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும், அதை இப்போது ஓரளவு எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். ஆனால் ஊட்டியிலிருந்து மசினகுடி போகும் கல்லட்டிப் பாதையில், 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் செங்குத்தான இறக்கத்தில், வெளியூர் வண்டிகளை ஏன் இறங்க விடுவதில்லை என்று யாரும் விளக்குவதில்லை. மேப் குறுக்கு வழி காட்டுகிறது, வண்டியில் இருப்பவர்கள் டிரைவர் சுற்றிப் போகிறார் என்று நினைக்கிறார்கள். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும் ரோடு அது. மலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பதும் விதிதான். சொந்தக் காரில் வருகிறவர்களில் பாதிப் பேர் ஹெட்லைட் அடித்துக்கொண்டு நம்மை ஒதுங்கச் சொல்கிறார்கள்.

காட்டுக்குள் அனுமதி இல்லாமல் மலையேறக் கூடாது, ஏன் என்பதற்குத் தேனி மாவட்டத்துக் குரங்கணியே சாட்சி. 2018 மார்ச்சில் அங்கே காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அருவியில் போலீஸ்காரர் விசில் ஊதினால் முகம் சுளிக்கிறார்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் நம் மக்கள் கேட்பார்கள், நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தனிமனித உரிமை பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். புதிதாகக் கல்யாணம் ஆன ஜோடியை ஒரு லாட்ஜில் கல்யாணச் சான்றிதழ் கேட்டு ரிசப்ஷனிலேயே நிற்க வைத்தார்கள். அந்தப் பெண் தாலியை எடுத்துக் காட்டினாள். பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை. அடையாள அட்டை கேட்பது சரி. ஆனால் கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும், வயது வந்தவர்கள், ஓட்டல் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் கோவை வழக்கு ஒன்றில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதே போல, சாட்சி விசாரணைக்கு என்று பெண்களையும் 60 வயதைத் தாண்டியவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, அவர்கள் வீட்டுக்குத்தான் வந்து விசாரிக்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆவது பிரிவில் இருக்கிறது. சட்டத்தின் பெயரே வாயில் நுழையவில்லை, பிரிவை எங்கே போய்த் தேடுவது? சந்தேகம் வந்தால் இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண் உண்டு என்பதாவது ஊருக்குத் தெரிய வேண்டாமா?

உங்களிடம் நான் கேட்பது வாரம் ஒரு சின்னக் கட்டம். ஒரு விதி, அது எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவில் வருகிறது, யாரிடம் புகார் செய்வது, அவ்வளவு போதும். வக்கீல் தமிழ் வேண்டாம், இப்போது நீங்கள் சினிமாச் செய்தி எழுதும் தமிழே நன்றாகப் புரிகிறது.

அரசிடமும் ஒரு கோரிக்கை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர்ச் சுற்றுலா வேன்கள் இ-பாஸ் இணையப் பக்கத்துக்குள் போய்த்தான் ஆக வேண்டும். வண்டி எண், எத்தனை பேர், எந்த நாள் என்று அங்கே கேட்கிறார்கள். டிரைவர்களுக்குத் தங்கும் இடம் வைத்திருக்கிற லாட்ஜ்கள் எவை என்ற பட்டியலை அதே பக்கத்தில் போடலாம். நீலகிரி, திண்டுக்கல் மாவட்ட நிர்வாகங்கள் ஏப்ரல் சீசனுக்கு முன் லாட்ஜ்களை நேரில் பார்த்து அந்தப் பட்டியலைத் தயாரித்தால், இந்தக் கோடையிலேயே எங்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
சுற்றுலா வேன் ஓட்டுநர் ஒருவர்,
இராஜபாளையம்.