கதை சொல்கிறவரை ஏன் விட்டுவிடுகிறோம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தின் கடைசி இயலில் கு. அழகிரிசாமியின் 'ஒருவன் இருக்கிறான்' சிறுகதை விரிவானமாக இருக்கிறது. நல்ல தேர்வு. ஆனால் வகுப்பறையில் அந்தக் கதை படும் பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் அவர்கள் கொண்டுவரும் நோட்டுகளை அடிக்கடி பார்க்கிறேன். கதைக்கரு, கதைமாந்தர், பின்புலம் என்று சிவப்பு மையில் தலைப்பு, கீழே கைடிலிருந்து இறக்கிய நாலு வரி. கருவுக்கு 'மனிதநேயம்', மாந்தருக்கு வீரப்பன், குப்புசாமி. முன்னுரை, முடிவுரை சேர்த்தால் எட்டு மதிப்பெண் நெடுவினா தயார். அதில் தப்பு என்று எதையும் சுழிக்க முடியாது, ஆனாலும் அந்தப் பிள்ளை கதையைப் படித்ததா என்று அந்தப் பதிலை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

அந்தப் பட்டியலில் விடுபடுகிறவர் கதைசொல்லி. கதையோ முழுக்க அவர்மேல்தான் நிற்கிறது. அண்டை வீட்டில் வந்து தங்கியிருக்கும் நோயாளி குப்புசாமியைப் பார்த்தாலே அவருக்குப் பிடிப்பதில்லை. நாதியற்றவன், ஒதுங்க இடமில்லாமல் இங்கே வந்து கிடக்கிறான் என்ற எண்ணம். நாமும் அவர் கண்ணால்தானே பார்க்கிறோம், அதனால் சில பக்கங்களுக்கு நமக்கும் அந்த எரிச்சல் ஒட்டிக்கொள்கிறது. பிறகு காஞ்சிபுரத்திலிருந்து குப்புசாமியின் நண்பன் வீரப்பன் எழுதிய கடிதமும், கையில் காசில்லாத அவன் எப்படியோ புரட்டி அனுப்பிய மூன்று ரூபாயும் வருகின்றன. அங்கே மாறுவது குப்புசாமியா? இல்லை, அவன் அப்படியேதான் இருக்கிறான். மாறுகிறவர் கதைசொல்லி, கூடவே நாம்.

இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க ஒரே ஒரு கேள்வி போதும்: இதே கதையைக் குப்புசாமி சொல்லியிருந்தால் என்ன ஆகும்? கதையே இருக்காது! வீரப்பன் என்று ஒருவன் இருப்பது அவனுக்கு முதலிலேயே தெரியும், பிறகு எதைக் கண்டு திகைப்பது? அண்டை வீட்டுக்காரர் சொல்லியிருந்தால், பாவம், அவர் தன் சங்கடங்களைச் சொல்லி முடிப்பதற்குள் கதை தீர்ந்துவிடும். கடைசி பெஞ்சுப் பையன்கூட இதற்கு வாய் திறந்து பேசுவான், பார்த்திருக்கிறேன். கதை யார் கண்ணால் சொல்லப்படுகிறது என்பதைக் குறிக்கும் 'நோக்குநிலை' என்ற சொல்லை அதற்கப்புறம் சொன்னால் போதும். முதலில் சொல்லைக் கொடுத்து, விளக்கத்தை மனப்பாடம் செய்யவைத்தால் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகும்.

கதைப்பின்னலும் அப்படித்தான். 'சம்பவங்களின் கோவை' என்று எழுதிப்போட்டால் யாருக்குப் புரியும்? ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' 1966ல் ஆனந்த விகடனில் வந்தபோது பெரிய சர்ச்சை. முன்பின் தெரியாத ஒருவன் காரில் ஏற்றிச் சென்று தன்னைக் கெடுத்துவிட்டதைச் சொல்லி அழும் மகளின் தலையில் அம்மா தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று உள்ளே அழைத்துக்கொள்கிறாள், கதை முடிந்துவிடுகிறது. பின்னால் அவரே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதியபோது அந்த ஒரு செயலை மாற்றினார். அம்மா வாய்விட்டு அலறுகிறாள், விஷயம் ஊருக்குத் தெரிகிறது, அங்கிருந்து ஒரு முழு நாவல் நீள்கிறது. ஒரு செயல் மாறினால் அடுத்தது என்னென்ன மாறும் என்று பார்ப்பதுதானே பின்னல். (பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் இந்தக் கதையைப் பேசலாமா என்று கேட்பவர்கள், அவர்கள் தினமும் செல்போனில் என்னவெல்லாம் பார்க்கிறார்கள் என்று ஒருமுறை பார்க்கட்டும்.)

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பாடத்தை முடிக்க வேண்டும், திருப்புதல் தேர்வு வேறு துரத்துகிறது, பிறகு எங்கே நின்று பேசுவது. புத்தகத்தையும் ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிட முடியாது. அதே பத்தாம் வகுப்பில் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' பகுதிக்கு, வருணனையும் அடுக்குத்தொடரும் ஒலிக்குறிப்புச் சொற்களும் தோணி படும் பாட்டை எப்படிக் காட்டுகின்றன என்று கேட்டிருக்கிறார்கள். எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்று கேட்கும் அருமையான கேள்வி அது. அழகிரிசாமி கதைக்கு வரும்போது மட்டும் மனிதத்தை வெளிப்படுத்தும் மாந்தர் யார் என்று கேட்டு நிறுத்திக்கொண்டால், எல்லாப் பிள்ளையும் வீரப்பன் என்றுதான் எழுதும்.

அதனால் கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பத்தியை வேறொரு மாந்தரின் வாயால் திருப்பி எழுதச் சொல்லும் கேள்வி ஒன்றையாவது நெடுவினாவில் மாற்றுத் தேர்வாகக் கொடுங்கள். கைடில் விடை இருக்காது. திருத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், கதைசொல்லியின் மனமாற்றத்தைப் பற்றி ஒரு பிள்ளை சொந்தமாக எழுதியிருந்தால் விடைக்குறிப்பில் இல்லை என்பதற்காக மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம் என்று.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவில்பட்டி